பாதுகாப்புத் துறைக்குள் நுழையும் புத்தொழில் நிறுவனங்களுக்கு: விண்ணப்பம் தொடங்கி கொள்முதல் ஆணை வரை

எங்கள் நிறுவனம், தரையதிர்வைக் கொண்டு வேலியருகே நடக்கும் ஆள்நடமாட்டத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் சிறு கருவி ஒன்றைத் தயாரிக்கிறது. தொழிற்சாலைகளுக்கு விற்றுக்கொண்டிருந்த அந்தக் கருவியைப் படைகளுக்கும் கொடுக்கலாம் என்று நாங்கள் முடிவு செய்த நாளிலிருந்து முதல் கொள்முதல் ஆணை கைக்கு வந்து சேர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. அதில் ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம், எந்தத் தாளை எந்த நேரத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் வீணானது. அந்த ஓராண்டு உங்களுக்காவது மிஞ்சட்டும் என்பதற்காக, இந்தியாவில் பதிவு பெற்ற சிறு தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று கடக்க வேண்டிய படிகளை வரிசையாக எழுதுகிறேன். திட்ட விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள வழிகாட்டு நெறிமுறைகளைப் பதிவிறக்கி, தேதியிட்டு உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வாசல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கண்ணில் படும் எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே விளக்கவுரையை அனுப்பிவிடுகிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒவ்வொரு வாசலும் வேறொரு வகை நிறுவனத்துக்காகத் திறந்திருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

கையில் இயங்கும் கருவியோ, ஆய்வகத்தில் நிரூபித்துக்காட்டிய தொழில்நுட்பமோ இருந்தால் ஐடெக்ஸ் என்ற புத்தாக்க மானியத் திட்டம் பொருத்தமானது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பாதுகாப்புப் புத்தாக்க அமைப்பு இதை நடத்துகிறது. முப்படைகளும் பிற பாதுகாப்பு அமைப்புகளும் தங்களுக்குத் தேவையானவற்றைச் சவால்களாக வெளியிடுகின்றன. இந்தச் சுற்றுகளுக்கு டிஸ்க் என்று பெயர். தேர்வாகும் நிறுவனத்துக்கு முன்மாதிரி உருவாக்க 1.5 கோடி ரூபாய் வரை மானியம் கிடைக்கும். பெரிய திட்டங்களுக்கான ஐடெக்ஸ் பிரைம் பிரிவில் இந்த வரம்பு 10 கோடி ரூபாய். 2024-இல் தொடங்கப்பட்ட அதிதி திட்டத்தில், மிக முக்கியமெனக் கருதப்படும் தொழில்நுட்பங்களுக்கு 25 கோடி ரூபாய் வரை. வெளியான சவால் எதுவும் உங்கள் தொழில்நுட்பத்துக்குப் பொருந்தவில்லையென்றால், நீங்களே முன்மொழியும் திறந்த சவால் என்ற பிரிவும் உண்டு.

டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி வேறு வகை. அதில் ஒரு திட்டத்துக்கு 50 கோடி ரூபாய் வரையும், திட்டச் செலவில் 90 விழுக்காடு வரையும் நிதி உண்டு. நான்கு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். சொந்தப் பணம் குறைவாகவும் ஆராய்ச்சி அதிகமாகவும் உள்ள திட்டங்களுக்கு இது ஏற்றது. உருவாகும் அறிவுசார் சொத்துரிமையில் டிஆர்டிஓவுக்கும் பங்கு இருக்கும் என்பதை உங்கள் முதலீட்டாளர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் செய்வது முழுக் கருவி இல்லாமல் ஒரு பாகமோ, மின்சுற்றுப் பலகையோ, மென்பொருள் பகுதியோ என்றால் இவ்விரண்டு வழிகளையும் விட்டுவிட்டு, பிஇஎல், எச்ஏஎல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் விற்பனையாளராகப் பதிவு செய்வதே சரி. இறக்குமதிக்கு மாற்றாக உள்நாட்டிலேயே தயாரிக்க விரும்பும் பொருள்களை அவை ஸ்ரீஜன் இணையதளத்தில் பட்டியலிட்டுள்ளன. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பட்டறையில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் பொருளே அதில் இருக்கலாம்.

மேக்-2 என்ற கொள்முதல் வழியில் முன்மாதிரிக்கான செலவு முழுவதும் நிறுவனத்துடையது. புதிய நிறுவனம் அதைத் தனியாகச் சுமக்க முயலக் கூடாது என்பது என் கருத்து. பெரிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தால் யோசிக்கலாம்.

2. நிறுவனத்தின் தாள்களைச் சீர்செய்யுங்கள்

இந்தப் படிக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அறிவிப்பு வெளியான பிறகு தொடங்கினால் கடைசித் தேதிக்குள் முடியாது.

புத்தொழில் நிறுவனம் என்ற வகையில் விண்ணப்பிக்க மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையான டிபிஐஐடியின் அங்கீகாரமும், குறு சிறு நடுத்தர நிறுவனம் என்ற வகையில் விண்ணப்பிக்க உத்யம் பதிவும் தேவை. இரண்டுக்கும் தகுதி இருந்தால் இரண்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். ஏனென்றால், பின்னால் வரும் கொள்முதல் கட்டத்தில் சில சலுகைகள் ஒன்றை ஒட்டியும் சில மற்றொன்றை ஒட்டியும் வருகின்றன. இரண்டு பதிவுகளுக்கும் அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. அரசு முத்திரையைப் போன்ற படத்தைப் போட்டு உத்யம் பதிவுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும். அவற்றில் ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் இட்டுவிடாதீர்கள்.

இவற்றோடு நிறுவனப் பதிவுச் சான்று, சங்க அமைப்பு விதிகள், இயக்குநர்கள் பட்டியல், பங்குதாரர் பட்டியல், பான், ஜிஎஸ்டி பதிவு, தணிக்கை செய்யப்பட்ட கடந்த ஆண்டுகளின் கணக்குகள், வருமான வரி அறிக்கைகள், விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் அளிக்கும் இயக்குநர் குழுத் தீர்மானம் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் வையுங்கள். பட்டயக் கணக்காளர் தரும் ஒவ்வொரு சான்றிதழிலும் யுடின் எண் (அந்தச் சான்றுக்கு மட்டுமான தனி அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத சான்றிதழ் திரும்பி வரும்.

எங்களுக்கு வந்த தடங்கல் முகவரியில். வாடகைக் கட்டடம் மாறியபோது ஜிஎஸ்டி பதிவில் முகவரியை மாற்றிவிட்டு, நிறுவனப் பதிவாளரிடம் மாற்றாமல் விட்டிருந்தோம். சரிபார்ப்பில் இரண்டு தாள்களில் இரண்டு முகவரிகள் இருந்தன. திருத்தப் படிவத்தைத் தாக்கல் செய்து, அது ஏற்கப்பட்டு, புதிய நகல் எடுப்பதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிட்டது. அடுத்த சுற்றுக்காக ஏழு மாதம் காத்திருந்தோம். ஆகவே எல்லாத் தாள்களையும் ஒரு மேசையில் பரப்பிவைத்து, நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இயக்குநர்களின் பெயர் எழுத்துகளும் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி உள்ளனவா என்று வேறொருவரை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தயாரித்தவர் கண்ணுக்கு இந்தப் பிழை படுவதில்லை.

சங்க அமைப்பு விதிகளின் நோக்கங்கள் பகுதியில் பாதுகாப்புக் கருவிகளின் வடிவமைப்பும் தயாரிப்பும் இடம்பெறட்டும். பின்னர் சேர்ப்பதென்றால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவைப்படும். வெளிநாட்டு முதலீடு பெற்ற நிறுவனங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புதிய தொழில் உரிமம் கோரும் பாதுகாப்பு நிறுவனங்களில் 74 விழுக்காடு வரை தானியங்கி வழியிலும், அதற்கு மேல் அரசின் அனுமதியோடும் வெளிநாட்டு முதலீடு வரலாம். ஆனால் இந்தியாவோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு 2020 முதல் தனிக் கட்டுப்பாடு உண்டு. உங்களிடம் முதலீடு செய்துள்ள நிதியத்தின் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேர்வான பிறகு இந்தக் கேள்வி வந்தால் பதிலுக்கு அலைய வேண்டியிருக்கும்.

3. கருவியைப் பயன்படுத்தப்போகிறவரைக் கண்டுபிடியுங்கள்

என் அனுபவத்தில் மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் கேட்பதும், அதிகப் பயன் தருவதும் இதுதான். மானியம் தருவது ஒரு அமைப்பு. கருவியைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவது வேறொருவர். வாங்கலாம் என்று கோப்பில் எழுதுவது இன்னொரு அலுவலகம். நடுவிலிருப்பவரான பயனருக்கு உங்கள் கருவி தேவைப்படாவிட்டால், மானியத்தில் முன்மாதிரி செய்து முடித்து அதை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

தரைப்படையில் இதற்கென ராணுவ வடிவமைப்புப் பணியகம் உள்ளது. படைப்பிரிவுகள் சந்திக்கும் சிக்கல்களைத் தொகுத்து அது வெளியிடும் சிக்கல் வரையறைத் தொகுப்பைக் கட்டாயம் படியுங்கள். கடற்படைக்குப் புத்தாக்கம் மற்றும் உள்நாட்டுமயமாக்கல் அமைப்பு இருக்கிறது. இவற்றுக்கு எழுதும்போது நிறுவனத்தின் பெருமையைப் பேசும் முப்பது பக்க விளக்கவுரையை அனுப்பாதீர்கள். கருவி என்ன செய்யும், எவ்வளவு எடை, எவ்வளவு மின்சாரம், எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலையில், இதுவரை எங்கே எத்தனை இயங்குகின்றன என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குக் கூடுதல் வசதி உண்டு. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து முனையங்களைக் கொண்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை மாநில அரசின் டிட்கோ நிறுவனம் நிர்வகிக்கிறது. கோயம்புத்தூரில் சிறு தொழில் சங்கமான கொடிசியா நடத்தும் பாதுகாப்புப் புத்தாக்க மையமும் இருக்கிறது. இத்தகைய மையங்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகளைச் சந்திக்கலாம். அவர்களிடம் பரிந்துரை கேட்காதீர்கள். கருவியைக் காட்டி, இதைக் களத்தில் எடுத்துப்போனால் எங்கே பழுதாகும் என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பதில் அந்தக் கேள்விக்குத்தான்: பழைய மின்கலத்தைக் கழற்றிப் புதியதைப் பொருத்த எத்தனை விநாடி ஆகும், இருட்டில் தடவிப் பார்த்தே செய்ய முடியுமா என்று திரும்பக் கேட்டார் ஒருவர். அதுவரை எங்கள் மின்கல மூடி நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தது.

பயனரோடு பேச்சு முன்னேறினால், உங்கள் கருவியை ஒரு படைப்பிரிவில் செய்துகாட்டச் சொல்லி என்சிஎன்சி என்ற பெயரில் அழைப்பு வரலாம். படைக்குச் செலவும் இல்லை, வாங்கும் கடப்பாடும் இல்லை என்பது அதன் பொருள். பயணம், போக்குவரத்து, தங்குமிடம், சேதமானால் மாற்றுக் கருவி ஆகிய அனைத்தும் உங்கள் கணக்கில்தான். ஆண்டுக்கு எத்தனை முறை போக முடியும் என்று முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி, அதைத் தாண்டாதீர்கள். நாங்கள் ஒரே ஆண்டில் ஐந்து இடங்களுக்குப் போனோம்; அவற்றில் இரண்டில் மட்டுமே, சோதனை நடந்ததையும் அதன் முடிவையும் குறிப்பிடும் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். அந்த இரண்டு கடிதங்கள் பின்னால் விண்ணப்பத்தில் உதவின. மற்ற மூன்று பயணங்களையும் காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை.

4. விண்ணப்பத்தை எழுதுங்கள்

சவால் அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு அளவுருவையும் இடப்பக்கத்தில் எழுதி, உங்கள் கருவி இன்றைக்கு எட்டியிருப்பதையும் திட்ட முடிவில் எட்டப்போவதையும் அடுத்தடுத்து எழுதுங்கள். எட்ட முடியாத அளவுருவை எட்டுவதாக எழுதிவிடாதீர்கள். விண்ணப்பத்தில் எழுதிய எண்தான் பின்னர் ஒப்பந்தத்தின் இணைப்பாக மாறுகிறது; களச் சோதனையில் அந்த எண்ணை வைத்துத்தான் அளப்பார்கள். கண்டறியும் தூரத்தை நாங்கள் ஆர்வத்தில் சற்றுக் கூட்டி எழுதினோம். ஈர மணலில் அந்தத் தூரத்தைக் காட்டுவதற்காக மட்டும் மென்பொருளை நான்கு மாதம் திருத்தி எழுதினோம்.

வரவு செலவுத் திட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஐடெக்ஸ் மானியம் உங்கள் பங்களிப்புக்கு ஈடாக வருவது. 1.5 கோடி ரூபாய் மானியம் வேண்டுமென்றால் ஏறக்குறைய அதே அளவு தொகையை நீங்களும் இறக்க வேண்டும். அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதை வங்கி அறிக்கையாலோ, முதலீட்டாளர் கடிதத்தாலோ காட்ட ஆயத்தமாக இருங்கள். ஏற்கெனவே செய்த செலவில் எது ஏற்கப்படும், ஊழியர் சம்பளத்தில் எவ்வளவு கணக்கில் சேரும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்துவையுங்கள். தொலைபேசியில் கிடைத்த பதிலை நம்பித் திட்டமிடாதீர்கள்.

செலவுப் பட்டியலில் பெரும்பாலோர் விட்டுவிடும் தலைப்புகள்: சோதனைக்கூடக் கட்டணம், சோதனையின்போது அழியும் கருவிகள், களச் சோதனைக்கான பயணம், கையேடுகள் தயாரிப்பு, காப்பீடு, காப்புரிமைச் செலவு, வங்கி உத்தரவாதத்துக்கான கட்டணம். மூன்று முன்மாதிரிகள் ஒப்படைக்க வேண்டுமென்றால் ஆறு செய்வதற்கான பணத்தைக் கேளுங்கள்.

5. தேர்வுக்குழுவின் முன்

விண்ணப்பச் சரிபார்ப்புக்குப் பிறகு உயர்நிலைத் தேர்வுக்குழுவின் முன் விளக்க அழைப்பார்கள். நேரம் குறைவு. சந்தையின் அளவைப் பற்றிய படங்களை நீக்கிவிட்டு, கருவி இயங்கும் காணொளியையோ கருவியையோ காட்டுங்கள். குழுவில் பயன்படுத்தப்போகும் படையைச் சேர்ந்தவர் இருப்பார். அவர் கேட்கும் கேள்விக்கு நிறுவனத்தின் பொறியாளர் பதில் சொல்வதே நல்லது.

6. ஒப்பந்தமும் தவணைகளும்

வெற்றியாளர் என்ற அறிவிப்புக்கும் முதல் தவணை வங்கிக் கணக்கில் விழுவதற்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். இந்த இடைவெளியில்தான் வேலையின் கட்டங்களான மைல்கற்களும் அளவுருக்களும் பேசி முடிவு செய்யப்பட்டு, ஸ்பார்க் எனப்படும் ஐடெக்ஸ் மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும். எங்களுக்கு இது ஐந்து மாதங்களுக்கு மேல் பிடித்தது. செய்தித்தாளில் பெயர் வந்த மகிழ்ச்சியில் புதிதாக நால்வரை வேலைக்கு எடுத்துவிட்டோம். அந்த ஐந்து மாதச் சம்பளமும் எங்கள் கையிருப்பிலிருந்து போயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ஆள் எடுக்காதீர்கள், பொருள் வாங்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் நீங்கள் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டியது, ஒவ்வொரு தவணையும் எந்த மைல்கல்லோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான். வடிவமைப்பு ஆய்வு, ஆய்வகச் சோதனை போன்றவை உங்கள் கையில் இருப்பவை; பயனர் களச் சோதனை நடக்கும் நாளை முடிவு செய்வது உங்கள் கையில் இல்லை. படைப்பிரிவு இடம் மாறலாம், பருவம் தப்பிவிடலாம், பனிக்காலச் சோதனை என்றால் அடுத்த பனிக்காலம்வரை காத்திருக்க நேரிடலாம். எனவே களச் சோதனையோடு இணைந்த கடைசித் தவணை இயன்றவரை சிறியதாக இருக்குமாறு பேசுங்கள். பயனர் தரப்பில் ஏற்படும் தாமதத்துக்கு ஒப்பந்தக் காலம் தானாக நீளும் என்ற வரியையும் கேட்டுப் பெறுங்கள்.

மானியத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஒவ்வொரு தவணையின் முடிவிலும் தணிக்கையாளர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கப்படும். பொதுக் கணக்கில் கலந்துவிட்ட பணத்தைப் பிரித்துக்காட்டுவது பெரும் துன்பம். பற்றுச்சீட்டு ஒவ்வொன்றிலும் எந்த மைல்கல்லுக்கான செலவு என்று வாங்கிய அன்றே எழுதிவிடுங்கள்.

7. சோதனைகளுக்குத் திட்டமிடுங்கள்

மின்னணுக் கருவிகளுக்குச் சூழல் சோதனை ஜேஎஸ்எஸ் 55555 தரப்படியும், மின்காந்த இடையூறுச் சோதனை மில்-எஸ்டிடி-461 தரப்படியும் கேட்கப்படுவது வழக்கம். வானூர்திகளில் பொருத்தப்படும் கருவி என்றால் படை வானூர்தித் தகுதிச் சான்றளிக்கும் செமிலாக் அமைப்பையும் வடிவமைப்புக் கட்டத்திலேயே அணுக வேண்டும். சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் சமீர் ஆய்வு மையம் மின்காந்தச் சோதனைக்கு நன்கு அறியப்பட்ட இடம். இத்தகைய ஆய்வகங்களில் நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். வடிவமைப்பு முடிவதற்கு முன்பே தேதி கேட்டு எழுதுங்கள். பூஞ்சைச் சோதனை மட்டும் நான்கு வாரம் எடுக்கும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதைச் சுருக்க முடியாது.

முறையான சோதனைக்குப் போகும் முன், அருகிலுள்ள ஏதேனும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் குளிர் அறையையும் அதிர்வு மேசையையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் சோதித்துப் பாருங்கள். எங்கள் கருவியின் மின்சுற்று குளிர் அறையில் நன்றாகவே இயங்கியது. ஆனால் வெளியே எடுத்து இணைப்புக் கம்பியை வழக்கம்போலச் சுருட்டியபோது, அதன் மேலுறை காய்ந்த முறுக்கைப்போல நொறுங்கிக் கையோடு வந்தது. மீட்டருக்குச் சில ரூபாய் கூடுதலான வேறு கம்பியால் அது தீர்ந்தது. முறையான சோதனையில் இது நடந்திருந்தால் தோல்வி என்று பதிவாகி, முழுச் சோதனையையும் மீண்டும் செய்ய வேண்டியிருந்திருக்கும்.

களச் சோதனையில் என்ன சொல்கிறார்கள் என்பதோடு என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். முதல் இரவுச் சோதனையில், எங்கள் கருவியில் மின்சாரம் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கின்மேல் ஒரு வீரர் எதுவும் பேசாமல் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டினார். நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் அந்த வெளிச்சம் தெரிந்தது. காட்டில் அந்த வெளிச்சம் அவருடைய உயிரையே பறித்துவிடும். கருத்துப் படிவத்தில் இதைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த வடிவத்தில் விளக்கையே நீக்கிவிட்டு, தொட்டால் மெல்ல அதிரும்படி மாற்றினோம்.

சோதனை நடந்த இடம், படைப்பிரிவின் பெயர், எடுத்த படங்கள் ஆகிய எதையும் சமூக ஊடகத்தில் பகிராதீர்கள். 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் உங்கள் ஊழியர்களுக்கும் பொருந்தும். புறப்படும் முன்பே அவர்களிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

8. பாகங்கள் எங்கிருந்து வருகின்றன

இந்தியாவிலேயே வடிவமைத்து, உருவாக்கி, தயாரித்த பொருள் என்ற பிரிவில் விற்க, டிஏபி 2020 கொள்முதல் நடைமுறைப்படி உள்நாட்டு உள்ளடக்கம் (விலையில் உள்நாட்டின் பங்கு) குறைந்தது 50 விழுக்காடு இருக்க வேண்டும். இதைக் கணக்கிடும்போது நீங்கள் நேரடியாக இறக்குமதி செய்தவை மட்டுமல்லாமல், உள்ளூர் வணிகரிடம் வாங்கியிருந்தாலும் வெளிநாட்டில் தயாரான பாகங்களின் விலையும் கழிக்கப்படும். வெளிநாட்டுக்குக் கட்டும் உரிமத் தொகையும் கழிக்கப்படும். உள்ளூர்க் கடையின் ஜிஎஸ்டி ரசீதைக் காட்டி உள்நாட்டுப் பொருள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளர், தயாரான நாடு, மாற்று வழங்குநர் என்ற மூன்று விவரங்களோடு பாகப் பட்டியலை முதல் நாளிலிருந்தே பராமரியுங்கள்.

ட்ரோன் தயாரிப்பவர்கள் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முழு ட்ரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. பாகங்களுக்குத் தடை இல்லை. ஆனால் படைகளுக்கான கொள்முதலில், தகவல் தொடர்பு, பறத்தல் கட்டுப்பாடு, படக்கருவி போன்ற பாகங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தன என்பது தோண்டித்துருவிப் பார்க்கப்படுகிறது. மலிவான பாகத்தில் முன்மாதிரி செய்துவிட்டு, ஆணை வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், மாற்றிய கருவிக்கு எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்ய நேரும்.

9. காப்புரிமை, உரிமம், ஏற்றுமதி

களத்தில் காட்டுவதற்கு முன் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். புத்தொழில் நிறுவனங்களுக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு இது 8,000 ரூபாய். இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் ஆவதற்குள், அனுமதி பெறாமல் வெளிநாட்டில் விண்ணப்பிக்கக் கூடாது. காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பாதுகாப்புக்குத் தொடர்புடைய கண்டுபிடிப்பு என்று கருதினால், 35-ஆம் பிரிவின் கீழ் அதை வெளியிட வேண்டாமென உத்தரவிடும் அதிகாரமும் காப்புரிமை அலுவலகத்துக்கு உண்டு.

ஆயுதம், வெடிபொருள், போர் வாகனம் போன்றவற்றைத் தயாரிக்கத் தொழில் உரிமம் வேண்டும். பாகங்கள் பலவற்றுக்கு அது தேவையில்லை. உங்கள் பொருள் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை உரிமப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு வாங்குபவர் கேட்டால், மாதிரி ஒன்றை அனுப்புவதற்கு முன்பே, ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருள்களின் ஸ்கோமெட் பட்டியலைப் பாருங்கள். அதன் 6-ஆம் வகையில் வரும் படைத்தளவாடங்களுக்கு ஏற்றுமதி அனுமதி தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. வரைபடங்களை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியாகக் கருதப்படும் என்பதை வடிவமைப்புக் குழுவிடம் சொல்லிவையுங்கள்.

10. முன்மாதிரியிலிருந்து கொள்முதல் ஆணைக்கு

களச் சோதனை வெற்றி என்ற கடிதம் வந்ததும் ஆணை வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இந்தப் பொருள் படைக்குத் தேவை என்று ஏற்கும் தேவை ஏற்பு என்ற ஒப்புதல் முதலில் வர வேண்டும். அது வந்த பிறகு விலைக்கோரிக்கை, மதிப்பீடு, விலைப் பேச்சு, நிதி ஒப்புதல், ஒப்பந்தம் என்று நடக்கும். ஐடெக்ஸ் பொருள்களுக்கென 2022-இல் ஏற்கப்பட்ட எளிய நடைமுறையில், தேவை ஏற்பிலிருந்து ஒப்பந்தம் வரை சுமார் 22 வாரம் என்று வரையறுத்துள்ளார்கள். அந்த 22 வாரத்தைத் தேவை ஏற்பு நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சோதனை முடிவுக்கும் தேவை ஏற்புக்கும் இடையிலான காலம் அதில் அடங்காது. எங்களுக்கு அந்த இடைவெளியே ஓராண்டை நெருங்கியது. சோதனை முடிந்த நாளிலிருந்து பதினெட்டு மாதங்களுக்காவது நிறுவனத்தை நடத்தத் தேவையான வருமானமோ கையிருப்போ இருக்கட்டும். நாங்கள் தொழிற்சாலைகளுக்கு விற்பதை நிறுத்தாததால்தான் தாக்குப்பிடித்தோம்.

சிறு எண்ணிக்கையில் உடனடியாக வாங்க விரும்பும் படைப்பிரிவுகள், வருவாய்ச் செலவுக் கணக்கிலிருந்து வாங்கும் வருவாய்க் கொள்முதல் வழியை நாடலாம். அதற்கு 2025 நவம்பர் 1 முதல் புதிய பாதுகாப்புக் கொள்முதல் கையேடு நடப்புக்கு வந்துள்ளது. முதல் ஆணை சிறியதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பயன்பாட்டில் உள்ள கருவி என்ற தகுதி அதனால் வரும்.

விலையைப் பேசும்போது, பேச்சுவார்த்தைக் குழு ஒவ்வொரு பாகத்தின் விலையையும் உழைப்புச் செலவையும் பிரித்துக் கேட்கும். எங்களிடம் ஒற்றைத் தொகைதான் இருந்தது. அதைப் பிரித்துக்காட்ட மூன்று வாரம் கேட்டு வாங்கினோம். உதிரிபாகங்கள், பயிற்சி, கையேடு, உத்தரவாதக் காலப் பழுதுநீக்கம், தொலைவில் உள்ள முகாமுக்கு ஆள் அனுப்பும் செலவு ஆகியவற்றையும் விலையில் சேருங்கள். பத்து ஆண்டுகள் கழித்தும் அதே மின்னணுச் சில்லு கிடைக்குமா என்று கேட்பார்கள். அதற்கும் எழுத்தில் ஒரு பதில் வைத்திருங்கள்.

ஒப்பந்தப்புள்ளியோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து புத்தொழில் நிறுவனங்களுக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கும் பொது நிதி விதிகள் 2017 விலக்கு அளிக்கின்றன. முன் அனுபவம், விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளையும் தளர்த்த இடமுண்டு. விலைக்கோரிக்கையில் தளர்வு குறிப்பிடப்படவில்லையென்றால் கடைசித் தேதிக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தர வேண்டிய செயல்திறன் வங்கி உத்தரவாதத்துக்கு (ஒப்பந்தத்தை நிறைவேற்றுவீர்கள் என்பதற்கு வங்கி தரும் உறுதி) இந்த விலக்கு கிடையாது. புதிய நிறுவனம் என்றால், உத்தரவாதத் தொகை முழுவதையும் வைப்புநிதியாகக் கட்டச் சொல்லி வங்கி கேட்கக்கூடும். அந்தப் பணம் உத்தரவாதக் காலம் முடியும்வரை முடங்கிக் கிடக்கும்.

பொருளை ஒப்படைத்த பின் ஆய்வுக்குறிப்பும், பெற்றுக்கொண்டதற்கான சான்றும் தேதியோடு உங்கள் கைக்கு வரவேண்டும். குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றிருந்தால், பொருள் ஏற்கப்பட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். தேதியில்லாத ரசீதோடு இந்த உரிமையைக் கோர முடியாது. எங்கள் முதல் விலைப்பட்டியலுக்கான பணம் பதினோரு வாரம் நின்றதற்குக் காரணம், ஆய்வுக்குறிப்பில் இருந்த கருவி வரிசை எண் ஒன்றும் விலைப்பட்டியலில் இருந்த எண்ணும் ஓர் இலக்கத்தில் மாறுபட்டதுதான். கருவிகளைப் பெட்டியில் அடுக்கும் நாளன்றே, பெட்டியிலும் ஆய்வுக்குறிப்பிலும் விலைப்பட்டியலிலும் உள்ள வரிசை எண்களை இருவர் சேர்ந்து உரக்கப் படித்து ஒப்பிட்டுவிடுங்கள்.